பாறையைப் படிக்கும் பிள்ளைகள்

கோலா தெர்லாவிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகிற வழியில், பாதை போடுவதற்காக மலையை வெட்டிய இடங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மேலே செம்மண். அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையும் கலந்த பொரபொரப்பான மண். இன்னும் கீழே, சில இடங்களில், உருண்டை உருண்டையாகக் கருங்கல். இருப்பது ஒரே மலைதான். ஆனால் மேலே உள்ளதை மண்வெட்டியால் வெட்டிவிடலாம். கீழே உள்ளதை உடைக்க வெடிமருந்து வேண்டும். ஏன் இந்த வேறுபாடு? கல் எந்த இடத்தில் மண்ணாக மாறுகிறது? பெருமழை பெய்தால் எது நிற்கும், எது சரியும்?

இவை போன்ற கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் அளந்து, சோதித்து, விடை தேடி எழுதிக் கொடுக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் படிக்கிறவர்கள். படிப்பின் கடைசி ஆண்டில் அவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுத் திட்டத்தைச் செய்து முடிக்க வேண்டும். அந்த ஆய்வு எப்படி நடக்கிறது, அதனால் யாருக்கு என்ன பயன், அதற்கும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களாகிய நமக்கும் என்ன தொடர்பு என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

சுரங்கம் என்றால் என்ன?

தமிழில் சுரங்கம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தங்கம், ஈயம், நிலக்கரி தோண்டி எடுக்கும் இடமும் சுரங்கம்தான்; மலையைக் குடைந்து போடும் வழியும் சுரங்கம்தான். இந்த இரண்டையும் படிக்கிறவர்தான் சுரங்கப் பொறியாளர். பாறையை எப்படி உடைப்பது, உடைத்த பிறகு மிச்சமுள்ள பாறை நம் தலைமேல் விழாமல் எப்படிக் காப்பது என்பவை அவர் கல்வியின் இரண்டு கண்கள்.

முதல் வகைச் சுரங்கம் நம் மலைக்கு அப்பால் இருக்கிறது. மலையிலிருந்து தாப்பா வழியாக இறங்கினால் பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் உலகிலேயே அதிகமான ஈயம் கிடைத்த வட்டாரங்களில் அது ஒன்று. தஞ்சோங் துவாலாங்கில் 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஈயம் தோண்டும் கப்பல் 1982 வரையில் வேலை செய்தது. இன்று அது பார்வைக்காக நிற்கிறது. நமது பகாங் மாநிலத்திலும் சுங்கை லெம்பிங்கில் பூமிக்கு அடியில் நீண்ட ஈயச் சுரங்கம் இருந்தது. ரவூப்பில் 1889ஆம் ஆண்டிலேயே தங்கச் சுரங்கம் தொடங்கியது.

இரண்டாம் வகைச் சுரங்கம் நம் மலைக்குள்ளேயே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கேமரன் மலை நீர்மின் திட்டம் உருவானபோது, தெலோம் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி, மலைக்குள் குடைந்த சுரங்கவழியாகப் பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் கொண்டுவந்தார்கள். ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தது. அங்கிருந்து மறுபடியும் ஒரு சுரங்கவழி தண்ணீரைக் கீழே ஜோர் மின்நிலையத்துக்குக் கொண்டு செல்கிறது. அந்த மின்நிலையமும் பாறைக்குள் குடைந்த கூடத்தில்தான் அமைந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டில் முடிந்த உலு ஜெலாய் நீர்மின் திட்டத்திலும் மின்நிலையம் நிலத்துக்கு அடியிலேயே இருக்கிறது. அதன் ஆற்றல் 372 மெகாவாட். மேலே நாம் கொழுந்து பறிக்கிற இந்த மலைத்தொடருக்குள்ளே மனிதர்கள் குடைந்த வழிகள் இப்படி ஓடுகின்றன. குடைந்தவர்கள் முதலில் பாறையைப் படித்தார்கள். படிக்காமல் குடைந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சரியான பாடம் நம் தமிழர்களின் வரலாற்றிலேயே இருக்கிறது.

கோலார் சொன்ன பாடம்

இந்தியாவில் கர்நாடக மாநிலத்தில், ஆந்திர எல்லைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் அருகில் கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலக் கம்பெனி அங்கே பெரிய அளவில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அதே மாவட்டங்களிலிருந்து வேறு சிலர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். ஒரே ஊரில் பிறந்த அண்ணன் கோலாருக்கும் தம்பி மலாயாவுக்கும் போயிருக்கக் கூடிய காலம் அது. அங்கேயும் வரிசை வரிசையாக லயன் வீடுகள்தாம். நாம் மலைமேல் ஏறினோம். அவர்கள் பூமிக்குள் இறங்கினார்கள்.

எவ்வளவு ஆழம் இறங்கினார்கள் தெரியுமா? மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கம் உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக விளங்கியது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும்; அதன் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் மனிதர் நிற்க முடியும்.

வெப்பத்தைவிடக் கொடியது இன்னொன்று இருந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, எந்த வெடியும் வைக்காத இடத்தில், பாறை தானாக வெடித்துச் சிதறும். சத்தம் பூமிக்கு மேலே வரைக்கும் கேட்கும். சில நேரங்களில் வீடுகள் அதிரும். சுரங்கத்துக்குள் இருந்தவர்கள் கல்லுக்குள் புதைந்து போவார்கள். ஆரம்ப நாட்களில் அதை ஏர் பிளாஸ்ட், அதாவது காற்று வெடிப்பு என்று அழைத்தார்கள். அடைபட்ட காற்று வெடிக்கிறது என்று நினைத்ததால் வந்த பெயர். உண்மையில் வெடித்தது காற்றல்ல, பாறையே. பிற்காலத்தில் அதற்குப் பாறை வெடிப்பு என்ற சரியான பெயர் வந்தது.

பாறை ஏன் வெடிக்க வேண்டும்? ஒரு மூங்கிலை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். வளைய வளைய நம் கை கொடுத்த பலம் அதற்குள் சேர்ந்துகொண்டே போகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் படீரென்று முறிந்து சிம்பு பறக்கும். பாறையும் அப்படித்தான். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், மேலே உள்ள பாறையின் பாரம் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் 8,000 டன்னுக்கு அதிகமாக அழுத்துகிறது. தங்கம் இருந்த படிவம் மெல்லிய பலகைபோல் சாய்ந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்ததும் அந்த இடம் வெற்றிடமாகிவிட்டது. அது சுமந்த பாரம் எங்கே போகும்? பக்கத்தில் விட்டுவைத்த தூண் போன்ற பாறைகளின் மேல் போய்ச் சேரும். ஒரு வீட்டில் நான்கு கால்களில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற மூன்றின்மேல் பாரம் ஏறுவதுபோல. தாங்கும் வரை தாங்கி, தாங்க முடியாத நொடியில் அந்தப் பாறைத் தூண் வெடித்தது.

இப்போது ஆய்வு என்ற சொல்லுக்கு வருவோம். கோலாரில் முன்வைத்த கேள்விகள் இரண்டு. வெடிப்பு எந்த இடத்தில் உருவாகிறது? அதைத் தடுக்க முடியுமா?

இடத்தைக் கண்டுபிடிக்க நிலநடுக்கத்தை அளக்கும் கருவிகளை நாடினார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அங்கே அதிர்வு பதியும் கருவி வேலை செய்தது. 1978ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு, பூமிக்கு மேலும் சுரங்கத்துக்குள்ளும் பல இடங்களில் அதிர்வு உணரும் கருவிகளைப் பொருத்தினார்கள். இதன் கணக்கு எளிமையானது. மின்னல் வெட்டியபின் இடி கேட்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணி, இடி விழுந்த தூரத்தை நாம் கணிக்கிறோம் அல்லவா? அதே முறைதான். கெட்டிப் பாறையில் அதிர்வு ஒரு நொடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓடும். ஒரு கருவியைவிட இன்னொரு கருவி வெடிப்புக்கு 600 மீட்டர் தள்ளி இருந்தால், அதிர்வு அங்கே நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பிந்தி வரும். நான்கைந்து கருவிகளில் பதிந்த இந்தச் சிறு நேர வேறுபாடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், பாறை எந்த இடத்தில் வெடித்தது என்பது தெரிந்துவிடும். காதால் கேட்க முடியாத சின்னஞ்சிறு நொறுங்கல்களும் பதிவாகும். ஓரிடத்தில் அவை மளமளவென்று கூடினால், அங்கே பாறை தவிக்கிறது என்று பொருள். எந்த நாளில் எந்த மணிக்கு வெடிக்கும் என்று மட்டும் அந்தக் கருவிகளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆபத்தான இடம் எது என்பதைச் சொல்ல முடிந்தது. தொழிலாளிக்கு அதுவே பெரிய உதவி.

தடுக்கும் வழியும் மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலில் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தார்கள். பிறகு கருங்கல்லை அடுக்கிச் சுவர் கட்டினார்கள். கல்லடுக்கின் இடைவெளி நசுங்கிய பிறகே அது பாரம் தாங்கத் தொடங்கும். அதற்குள் மேலே உள்ள பாறை அசைந்துவிடும். ஆகவே தங்கக்கல்லை எடுத்த இடத்தைக் கான்கிரீட்டால் நிரப்பும் முறை வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து தோண்டிக்கொண்டு போவது, எந்தத் தூணைத் தனியே விட்டுவைக்கக் கூடாது என்பதற்கும் முறை வகுத்தார்கள். பாறை வெடிப்புகள் குறைந்தன, அடியோடு நிற்கவில்லை. அளந்து பார்த்துச் செய்த மாற்றத்தால் எத்தனையோ தகப்பன்மார் மாலையில் வீடு திரும்பினார்கள்.

அந்த ஆழம் வேறு ஆராய்ச்சிக்கும் இடம் கொடுத்தது. 1965ஆம் ஆண்டில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, இந்தியா, ஜப்பான், இங்கிலாந்து ஆகிய மூன்று நாட்டு அறிஞர்கள் கருவிகளை வைத்து, நியூட்ரினோ என்ற நுண்துகள் காற்றுமண்டலத்தில் உண்டாகி வந்து சேர்வதைக் கண்டறிந்தார்கள். 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் கோலார் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது பெரிய அடி. தங்கம் தீர்ந்தாலும், பாறையைப் பற்றி அங்கே கற்ற அறிவு தீரவில்லை. அணை கட்டும் இடத்திலும், ரயில் சுரங்கம் குடையும் இடத்திலும் அந்த அறிவு இன்றைக்கும் வேலை செய்கிறது.

மாணவர் ஆய்வு நடக்கும் விதம்

கோலாரில் பல ஆண்டுகள் நடந்ததைச் சிறிய அளவில், ஓராண்டுக்குள் செய்து பழகுவதுதான் மாணவரின் ஆய்வுத் திட்டம். நம் நாட்டில் இந்தப் படிப்புக்குக் கனிம வளப் பொறியியல் என்று பெயர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பாக இது நடக்கிறது. அதன் பொறியியல் வளாகம் பினாங்கு மாநிலத்தின் நிபோங் தெபாலில் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் 1980களில் இந்தத் துறையைத் தொடங்கிய சிறிது காலத்துக்குள், 1985 அக்டோபரில், உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அப்படியானால் இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்கலாம். கல்லுடைப்பு மலை, சிமெண்டுத் தொழில், தங்கச் சுரங்கம், நெடுஞ்சாலைச் சுரங்கவழி, மலைச்சரிவுப் பாதுகாப்பு என்று பாறை சம்பந்தப்பட்ட வேலைகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. கோலா லிப்பிசுக்கு அருகில் பென்ஜோம் தங்கச் சுரங்கம் 1990களில் தொடங்கி நடந்துவருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு கல்லுடைப்பு மலையில் வெடி வைக்கிறார்கள்; பக்கத்துக் கம்பத்து வீடுகள் அதிர்கின்றன. மாணவர் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: வீட்டுக்குச் சேதம் வராமல், ஒரு தடவையில் எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம்?

முதல் வேலை படிப்பது. இதே கேள்வியை மற்றவர்கள் எப்படி ஆராய்ந்தார்கள் என்று தேடிப் படிக்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்ததை மறுபடியும் கண்டுபிடித்துக் காலத்தை வீணாக்கக் கூடாது அல்லவா?

இரண்டாவது, களத்துக்குப் போவது. ஒவ்வொரு வெடியின்போதும் எவ்வளவு மருந்து, எவ்வளவு தூரம், தரை எவ்வளவு வேகமாக அதிர்ந்தது என்று கருவி வைத்துப் பதிவு செய்ய வேண்டும். ஒரு நாள் அளந்தால் போதாது. வெயில் நாளிலும் மழை நாளிலும், அருகிலும் தொலைவிலும் அளக்க வேண்டும்.

மூன்றாவது, மாதிரி எடுப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு லாரி கல்லையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக முடியாது. கைப்பிடி அளவு போதும். எந்தக் கைப்பிடி? பளபளப்பான கல்லாகப் பொறுக்கினால் விடை பொய்யாகிவிடும். ஆகவே உடைத்த கல்லைக் கூம்பாகக் குவித்து, மேலே தட்டிப் பரப்பி, நான்கு சம பங்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை ஒதுக்கிவிடுவார்கள். மிஞ்சியதை மறுபடியும் குவித்துப் பிரிப்பார்கள். இப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் கிடைக்கும் கைப்பிடி, மொத்தக் குவியலின் உண்மையான சாட்சியாக இருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைகளின் வழியாகத் தூளை இனம் பிரிப்பதை நீங்கள் அறிவீர்கள். கனிம ஆய்வுக்கூடத்திலும் கல்தூளை அதே போலச் சல்லடைகளில் இட்டு, பெருந்தூள், சிறுதூள் என்று பிரித்து எடை போடுவார்கள்.

நான்காவது, சோதனை. பாறையிலிருந்து உருளை வடிவில் ஒரு துண்டைக் குடைந்து எடுத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை, அதாவது கைக்குள் அடங்கும் ஒரு துண்டு. கெட்டியான கருங்கல் என்றால் 20 டன்னுக்கு மேல் சுமந்த பிறகே உடையும். வெயிலிலும் மழையிலும் காலங்காலமாக நைந்துபோன அதே கருங்கல் விரலால் அழுத்தினாலே உதிர்ந்துவிடும். பேச்சின் தொடக்கத்தில் நாம் கேட்ட கேள்விக்கு இங்கேதான் விடை. மலையின் மேலே இருக்கும் மண் வேறெங்கிருந்தோ வந்ததல்ல. கருங்கல்லில் உள்ள ஒரு வகைக் கனிமம் நீர் பட்டுப் பட்டுக் களிமண்ணாக மாறுகிறது. மற்றொரு வகை மணலாக மிஞ்சுகிறது. அந்தக் கலவைதான் நாம் தேயிலை நட்டிருக்கும் மண்.

ஐந்தாவது, எழுதுவது. கிடைத்த எண்களை எல்லாம் அட்டவணை போட்டு, வரைபடம் வரைந்து, முடிவு சொல்ல வேண்டும். பேராசிரியர்கள் முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கே ஒரு முக்கியமான நெறி உண்டு. எதிர்பார்த்த விடை வரவில்லை என்றால், வரவில்லை என்றே எழுத வேண்டும். எண்ணை மாற்றி எழுதக் கூடாது. ஏனென்றால் அந்த எண்ணை நம்பித்தான் நாளைக்கு ஒருவர் வெடி வைப்பார். இன்னொருவர் அந்த மலையடியில் குழந்தையைத் தூங்க வைப்பார்.

நம் மலையும் நம் வீடும்

கேமரன் மலையில் இந்தப் படிப்பு எவ்வளவு தேவை என்பதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறோம். காட்டை அழித்து மண்ணைத் திறந்துவிட்டால் மழை அதை அரித்து ஆற்றில் சேர்க்கிறது. அந்த மண் ரிங்லெட் ஏரியில் படிந்து, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி, பெருமழைக்குப் பின் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் நள்ளிரவுக்குப்பின் சேற்று வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. மேட்டில் கரைந்த மண், பள்ளத்தில் இருப்பவரைத் தாக்குகிறது. மண்ணுக்கு எல்லைக்கல் தெரியாது.

மலைச்சரிவு எப்படி உண்டாகிறது? உலர்ந்த மண்ணில் துகளும் துகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. நாள்கணக்கில் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கித் துகள்களுக்கு நடுவே நிறைந்து, அவற்றைத் தள்ளி விலக்குகிறது. பிடிமானம் தளர்கிறது, அதே நேரத்தில் நீரால் மண்ணின் பாரமும் கூடுகிறது. அடியில் சாய்வாகக் கெட்டிப் பாறை இருந்தால், மேலே உள்ள மண் அதன்மேல் வழுக்கி வருகிறது. ஆகவேதான் மலையில் சித்திரை, வைகாசி மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நாம் கூடுதலாகக் கவனமாயிருக்க வேண்டும்.

கோலாரில் பெரிய வெடிப்புக்கு முன்னால் சிறு நொறுங்கல்கள் கூடினாற்போல, சரிவுக்கு முன்னாலும் பல நேரங்களில் மலை அடையாளம் காட்டும். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் புதிதாகப் பிறைபோன்ற வெடிப்பு தோன்றும். நேராக நின்ற மரமும் கம்பமும் சாயும். நேற்று வரை சரியாக மூடிய கதவு இன்று நிலையில் பிடிக்கும். இதுவரை ஊற்று இல்லாத இடத்தில் தண்ணீர் கசியும்; அதுவும் கலங்கலாக வரும். ஓடை நீர் திடீரென்று குறைந்தாலோ சேறாக மாறினாலோ, மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

சிறிய வெடிப்பு ஒன்றைப் பார்த்தால், பகலில், மழையில்லாத நேரத்தில், அதன் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு முளை அடித்து, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த நாளும் அளவு கூடினால் அது வெறும் வெயில் வெடிப்பு அல்ல. நேர்ப்பக்கமுள்ள ஒரு டின்னைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலையில் எத்தனை மில்லிமீட்டர் மழை சேர்ந்தது என்று அளவுகோலால் பார்க்கலாம். ஐந்தாம் படிவத்துப் பிள்ளை இதை எளிதாகச் செய்யும். உடனே தோட்ட நிர்வாகத்திடமும் மாவட்ட அலுவலகத்திடமும் நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் குறையைவிட, தேதியும் அளவும் உள்ள குறைக்கு மதிப்பு அதிகம். ஆனால் வெடிப்பு பெரிதாக இருந்தாலோ, மழை கொட்டும்போது மண் உதிர்ந்தாலோ, அளந்துகொண்டு நிற்கக் கூடாது. குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு அந்த இடத்தைவிட்டு விலகி, 999க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பொருளை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு வழி

கடைசியாக, பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். சுரங்கப் படிப்பு என்றதும் மண்ணோடு மல்லுக்கட்டும் வேலைதானே, அதற்கா பிள்ளையை இவ்வளவு படிக்க வைப்பது என்று சிலர் நினைக்கலாம். மண்ணோடு மல்லுக்கட்டியது நம் பாட்டன்மார். அந்த மண் எப்போது நிற்கும், எப்போது சரியும் என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கவில்லை. கோலாரில் பாறைக்கடியில் நின்ற தொழிலாளிக்கும் அது இருக்கவில்லை. படித்த பொறியாளருக்கு அது இருக்கிறது. வேலையை நிறுத்துங்கள் என்று அவர் கையெழுத்துப் போட்டால் நிறுத்தியாக வேண்டும்.

இதற்கு அடிப்படை கணிதமும் இயற்பியலும் வேதியியலும். நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களை எடுத்து, கூடுதல் கணிதத்தையும் விடாமல் படிக்க வேண்டும். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என்று பல வழிகள் உள்ளன. தகுதி விதிகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடும் என்பதால், பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டு அந்த ஆண்டின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். படிப்பு முடிந்தவர்களுக்குச் சுரங்கத்திலும் கல்லுடைப்பு மலையிலும் மட்டுமின்றி, அரசாங்கத்தின் கனிம, நிலவியல் துறையிலும் வேலை உண்டு. அந்தத் துறையின் கனிம ஆராய்ச்சி நிலையம் ஈப்போவில் இருக்கிறது.

இது ஆண்பிள்ளைகள் படிப்பு என்றும் ஒதுக்க வேண்டாம். பூமிக்கடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற தடை பல நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டில் அது தளர்த்தப்பட்டது. ஆய்வுக்கூடத்திலும் களத்திலும் பெண்கள் இன்று அளவெடுக்கிறார்கள். கொழுந்தின் பக்குவத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடும் தாயின் மகளுக்கு, கல்லின் பக்குவத்தைப் படிப்பது கடினமாயிருக்காது.

அடுத்த முறை வெட்டிய மலைப்பக்கமாக நடக்கும்போது, பிள்ளைகளைப் பாதையோரத்தில் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்தி, மேலே என்ன நிறம், நடுவே என்ன நிறம், கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஏன் அப்படி என்று அவர்கள் உங்களைத் திருப்பிக் கேட்டால், ஆய்வு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விடை தெரியாவிட்டால் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேள்வியை மட்டும் அடக்கிவிடாதீர்கள்.